தூண்டிலும் மனச்சான்றும்

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு மீனை நமக்குக் காட்டுகிறார். மீன்பிடிப்பதில் வல்ல பாண்மகன் ஒருவன் தோற்பையில் இரையை வைத்துக்கொண்டு, நீண்ட மூங்கிற்கோலில் கயிறு கட்டித் தூண்டில் வீசுகிறான். ஆழமான குளத்து வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. வளைந்த இரும்பு முள் மட்டும் வெறுமையாக நிற்கிறது. ஆனால் தப்பிய மீனுக்கு அமைதி இல்லை. நீரருகே வளர்ந்த பிரம்பின் நிழல் நடுங்குவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோலோ என்று அஞ்சுகிறது.

சங்ககாலப் புலவர் இதை அறவுரையாகச் சொல்லவில்லை. அந்த நிலத்தின் வளத்தைச் சொல்லும் வழியில் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். எனினும், ஒரு முறை முள்ளை அறிந்த வாய் நிழலுக்கும் நடுங்கும் என்பதை அவர் கண்டிருக்கிறார். மீனின் பக்கம் நின்று ஒரு நொடி பார்த்திருக்கிறார். அந்த ஒரு நொடிப் பார்வை நமக்கு இருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

கத்தோலிக்கராகிய நமக்கு மீனைப் பற்றி அறக்கேள்வி எழுவது அரிது. தவக்காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்கிறோம். வெள்ளிக்கிழமையில் இறைச்சியைத் தவிர்க்கச் சொல்லும் திருச்சபைச் சட்டம் மீனைத் தடை செய்யவில்லை. நம் வீடுகள் பலவற்றில் அந்நாள்களில் மீனையும் தவிர்க்கும் நல்ல வழக்கம் உண்டு என்றாலும், மீன் இறைச்சியில் சேராது என்ற எண்ணம் மனத்தின் ஓர் ஓரத்தில் நின்றுவிட்டது. ஆட்டையோ கோழியையோ அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாமே, கூடையில் துள்ளும் மீனைப் பார்த்து ‘நல்ல உயிர் மீன்’ என்று மகிழ்ந்து விலை பேசுகிறோம். அது கத்துவதில்லை, அதன் இரத்தம் நம் கண்ணில் அதிகம் படுவதில்லை. ஓசையில்லாத துன்பத்தைத் துன்பமென்று ஏற்பது மனிதருக்கு எப்போதும் கடினமாகவே இருந்து வந்திருக்கிறது.

இக்கேள்வி எங்களுக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. ஓர் ஏரிக்கரையில் எழுந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தின் மூன்றாம் வாரம் அது. பின்னர் ரோனு என்று பெயர் பெற்ற புயல், காற்றழுத்தத் தாழ்வாக வடதமிழகக் கடலோரத்தை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் கொளுத்த வேண்டிய நாள்களில் வானம் மூடிக்கிடந்தது. தூறலும் வாடையைப் போன்ற காற்றும் ஊரைக் குளிர்வித்தன. முந்திய ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் நிரம்பிய ஏரிகள் பலவற்றில் அவ்வாண்டுக் கோடையிலும் நீர் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வர், விடுமுறையை ஒட்டி, வாலாஜாபாத் பக்கத்து ஏரி ஒன்றுக்குத் தூண்டிலோடு போனோம். நால்வரில் ஒருவர் பட்டு நெசவாளர், எங்கள் தெருக்காரர், வைணவக் குடும்பத்தில் பிறந்து புலால் உண்ணாதவர். துணைக்கென்றே வந்தவர் அவர்.

ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் சொல்லி, அவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுக் கரையில் இறங்கினோம். தலையில் துண்டைப் போர்த்தி முடிந்திருந்த அந்த முதியவர் தொகையை வாங்கிக்கொண்டு எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “வூட்ல எத்தினி பேருங்க?”

எளிய கேள்வி. எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டுமோ அத்தனைக்கு வேண்டிய மீன் என்பது அவர் கணக்கு. ஆனால் எங்களிடையே அதற்கு ஒரே விடை இல்லை. ஒருவர், வீட்டுக் குழம்புக்கு என்றார். மற்றொருவர், சமைப்பதற்கில்லை, பொழுதுபோக்கு. பிடித்துப் பார்த்துவிட்டு நீரிலேயே விட்டுவிடுவோம் என்றார். இரண்டாவது விடையே அதிக இரக்கமுள்ளதாக எங்களுக்கு அப்போது தோன்றியது. முதியவரோ அதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் மதகுப் பக்கம் நடந்துவிட்டார்.

காற்றுக் காலத்தில் தூண்டில் போடுவது பொறுமைக்குச் சோதனை. நீரெங்கும் சிற்றலை எழும். தக்கை ஓயாமல் ஆடும். மீன் இழுத்ததா, காற்று அசைத்ததா என்று தெரியாது. கரைப் பனைகளின் ஓலைகள் ஒன்றோடொன்று உரசி இரைந்துகொண்டே இருந்தன. மண்புழு கோத்த முள்ளை எத்தனை முறை எடுத்துப் பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. நான்கு மணி நேரத்தில் கிடைத்தது ஒரே ஒரு கெண்டை. அதுவும் உள்ளங்கை அளவுக்குக் குறைந்தது. விட்டுவிடலாம் என்று நண்பர் அதைக் கையில் எடுத்தபோதுதான், முள் உதட்டில் மாட்டாமல் தொண்டைக்குள் இறங்கியிருந்தது தெரிந்தது. இழுத்தால் செவுள் கிழியும். இழுக்காவிட்டால் கயிற்றை அறுத்து முள்ளோடு விட வேண்டும். முதியவர் வந்து பார்த்தார். “முள்ளு உள்ள போயிடுச்சுங்க, வுட்டாலும் தங்காது” என்று சொல்லி, மீனை வாங்கித் தம் கூடையில் போட்டுக்கொண்டார். அன்று மாலை அது எவர் வீட்டுக் குழம்பிலோ சேர்ந்திருக்கும்.

திரும்பும் வழியில் எழுந்த விவாதம் இன்றும் எங்களுக்குள் முடியவில்லை. உண்பதற்காகப் பிடிப்பவன் கொல்கிறான். விளையாட்டுக்காகப் பிடித்து விடுபவன் கொல்வதில்லை. அப்படியானால் பின்னவனே மேலானவனா? அல்லது, பசியின் தேவையுமின்றி ஓர் உயிரை மரணத்தின் விளிம்புவரை இழுத்துச் சென்று, அதன் துடிப்பைக் கையில் உணர்ந்து மகிழ்ந்து, பிறகு ‘விட்டேன்’ என்று பெருமை கொள்பவன் முன்னவனைவிடக் கொடியவனா?

முதலில் மீனுக்கு வலி உண்டா என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வுக்கூடத்தில் லின் ஸ்னெடன் என்னும் உயிரியலாளரும் அவருடைய துணைவர்களும் வானவில் டிரவுட் மீன்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். அம்மீன்களின் முகத்திலும் உதட்டிலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அவர்கள் கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சோ புளிக்காடியோ ஏற்றப்பட்ட மீன்கள் இரை உண்ணாமல் நெடுநேரம் இருந்தன. உடலை இருபுறமும் ஆட்டின. புளிக்காடி ஏற்றப்பட்டவை தொட்டியின் சரளையில் உதட்டைத் தேய்த்துக்கொண்டன. இதை நாம் உணரும் வலியோடு ஒப்பிடலாகாது, மனித மூளையின் அமைப்பு மீனுக்கு இல்லை என்று மறுக்கும் அறிஞரும் உளர். விவாதம் தீரவில்லை. ஆனால் ஐயம் இருக்கும் இடத்தில் அறம் எந்தப் பக்கம் சாய வேண்டும்? புதருக்குள் அசைவது மானா, மனிதனா என்று தெரியாத வேடன் அம்பை எய்யலாகாது என்பதை நாம் ஒத்துக்கொள்கிறோம். வலி இல்லை என்று உறுதியாகத் தெரியாதவரை, வலி உண்டு என்று கொண்டு நடப்பதே நேர்மை.

ஐரோப்பிய நாடுகள் சில இதைச் சட்டமாகவே ஆக்கியுள்ளன. தக்க காரணமின்றி விலங்குக்கு வலியோ துன்பமோ விளைவிக்கக் கூடாது என்கிறது ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம். சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விதிகள், திரும்ப விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன்பிடிப்பதைத் தடை செய்கின்றன. உண்பதற்குப் பிடிப்பது அங்கே குற்றமில்லை. விளையாட்டுக்குப் பிடித்து விடுவதே குற்றம். மேலோட்டமாகப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும் இந்தச் சட்டத்தில் ஓர் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. உண்பவனுக்குக் காரணம் உண்டு. விளையாடுபவனுக்கோ மீனின் துன்பத்தைத் தவிர வேறு பொருள் எதுவும் அச்செயலில் கிடைப்பதில்லை.

தூண்டில்காரர் தரப்பிலும் சொல்ல உண்டு. அதையும் கேட்க வேண்டும். அமைதியாக அமர்ந்திருக்கக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் இது என்பர். 1653இல் இங்கிலாந்தில் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற நூல், தூண்டில் போடுவதைச் சிந்தனையாளரின் பொழுதுபோக்கு என்றே சிறப்பித்தது. ஏரியோடும் ஆற்றோடும் பழகியவரே அவற்றைக் காக்க முன்வருவர் என்பதும் பொய்யன்று. குளிர்காற்றில் நான்கு மணி நேரம் நீரையே பார்த்திருந்ததில் எங்களுக்குக் கிடைத்த மன அமைதியை நாங்களும் மறுக்க மாட்டோம். ஆனால் அந்த அமைதியைத் தந்தவை ஏரியும் காற்றும் காத்திருத்தலும்தாம். அவற்றுக்கு முள் தேவைப்படவில்லை. முள் இல்லாமலும் கிடைக்கக்கூடிய ஒன்றுக்காக முள்ளை வீசுவதற்கு என்ன நியாயம் சொல்வது?

இந்த இடத்தில்தான் நெசவாள நண்பர் பேசினார். “மீனைப் பற்றி நீங்கள் இவ்வளவு பேசுகிறீர்கள். நான் மீன் தின்பதில்லை, ஆனால் தினமும் தறியில் உட்காருகிறேனே” என்றார்.

சின்ன காஞ்சிபுரத்தில் வாழும் எவருக்கும் அச்சொல்லின் பொருள் உடனே விளங்கும். பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுபட்டுவிடும். எனவே புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வெப்பத்தால் கொன்று, வெந்நீரில் இட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 4,000 முதல் 6,000 கூடுகள் வரை வேண்டும். ஒரு நல்ல முகூர்த்தச் சேலையின் பாவிலும் ஊடையிலும் எத்தனை ஆயிரம் உயிர்கள் ஓடுகின்றன என்பதை அதன் எடையைக் கொண்டே கணக்கிட்டுக்கொள்ளலாம். காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் இக்காரணத்தாலேயே பட்டாடையைக் கைவிடும்படி தம் அடியாரை வேண்டினார். பட்டால் பெயர் பெற்ற ஊரின் மடத்திலிருந்து, பட்டே ஊரின் பிழைப்பாக இருந்தபோது, அவர் அப்படிச் சொன்னார் என்பதை நாம் மதிப்போடு நினைக்கிறோம். பூச்சி வெளியேறிய பின் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ‘அகிம்சைப் பட்டு’ முறையை ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையா பின்னாளில் உருவாக்கினார். ஆனால் அது இன்னும் ஒரு சிறு வழியாகவே இருக்கிறது. பெருவழி பழைய வழிதான்.

நம் திருமணங்களில், புதுநன்மை நாளில், கிறிஸ்து பிறப்பு விழாவில் நாமும் பட்டு உடுத்துகிறோம். பட்டுச் சேலையோடு பீடத்தின் முன் நிற்பவர் தூண்டிற்காரனைப் பழிப்பது எளிது. மீன் கூடை சுமப்பவர் பட்டுக்காரரைப் பழிப்பதும் எளிது. இருவருமே தத்தம் கண்ணுக்குப் படாத உயிரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே இரண்டு எளிய வழிகள் நம்முன் திறக்கின்றன. இரண்டும் நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

முதல் வழி, எல்லாம் மனிதனுக்கென்றே படைக்கப்பட்டவை, ஆகவே கேள்விக்கே இடமில்லை என்பது. தொடக்க நூலை விரைவாக வாசிப்பவர்கள் இவ்வாறு சொல்வதுண்டு. ஆனால் அந்நூலின் முதல் அதிகாரத்தில் மனிதருக்கு உணவாகத் தரப்படுபவை செடிகளும் கனிகளுமே. வெள்ளப்பெருக்குக்குப் பின்னர், நோவாவின் காலத்தில்தான், கடல் மீன்கள் உட்பட அசையும் உயிர்கள் உணவாக அனுமதிக்கப்படுகின்றன (தொநூ 9:2-4). அந்த அனுமதியோடு சேர்ந்தே ஓர் எல்லையும் வருகிறது: உயிராகிய இரத்தத்தோடு உண்ணலாகாது. அதாவது, எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுப்பது உயிர் என்பதை மறக்கலாகாது. அனுமதி தந்த இறைவன் மறதிக்கு அனுமதி தரவில்லை.

இரண்டாம் வழி, உயிரைத் தொடாதவனே தூயவன். தொடுபவன் தாழ்ந்தவன் என்பது. நம் நாட்டில் இவ்வழி எவ்வளவு காயங்களைச் செய்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். மீன் வாடை வீசும் தெரு என்று மூக்கைப் பொத்துகிறவர்கள், அத்தெருவில் வாழும் மனிதரையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். ஆண்டவர் இயேசு தம் முதல் சீடரை வலை அலசிய கைகளிலிருந்தே தேர்ந்துகொண்டார். உயிர்த்தெழுந்த பின்னும் தம் சீடர் முன்னிலையில் மீன் உண்டார் (லூக் 24:42-43). ஆகவே மீனுக்காகப் பேசும் பேச்சு மீனவரைத் தாழ்த்தும் பேச்சாக மாறுமானால், அது நற்செய்தியின் பேச்சாக இராது. மேலும், புழுவுக்கு இரங்கி மனிதரை மறப்பதும் உண்டு. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக உழைத்த சிறுவரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துத் தறிகளும் இடம்பெற்றன. ஒரு சேலையில் கணக்கில் வராமற்போனவை புழுக்கள் மட்டுமல்ல என்பதற்கு அது சான்று.

அவ்வாறெனில் நடுவே வழி எது? திருச்சபை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி ஏடு இதைச் சுருக்கமாகச் சொல்கிறது (எண்கள் 2415-2418). விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவர் தம் பராமரிப்பால் அவற்றைச் சூழ்ந்திருக்கிறார். மனிதர் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். உணவுக்கும் உடைக்கும் அவற்றைப் பயன்படுத்துவது முறையே. ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதோ மாய்ப்பதோ மனித மாண்புக்கே எதிரானது. உணவு, உடை என்னும் இரண்டு சொற்களும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஏரிக்கும் தறிக்கும் ஒரே அளவுகோல். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல் இன்னும் ஒருபடி முன்னே போயிற்று. பிற உயிர்கள் நமக்குப் பயன்படுவதால் மட்டும் மதிப்புப் பெறவில்லை. இறைவன் திருமுன் அவற்றுக்குத் தம்மளவிலேயே மதிப்பு உண்டு என்று அது கற்பிக்கிறது.

தேவை என்பதே அளவுகோல் என்றால், தேவையை அளப்பது எப்படி? இதற்கு விவிலியத்தின் மீன்களே நமக்கு உதவுகின்றன. தோபித்து நூலில் இளைஞர் தோபியா திக்ரீசு ஆற்றில் ஒரு பெரிய மீனைப் பிடிக்கிறார். அதன் ஒரு பகுதியைச் சுட்டு உண்கிறார். மீதியை உப்பிட்டு வைக்கிறார். பித்தப்பையும் இதயமும் ஈரலும் மருந்துக்கென்று எடுத்துவைக்கப்படுகின்றன. அந்த மீனில் வீணானது என்று ஒன்றும் அங்கே பேசப்படவில்லை. நற்செய்திகளில் தூண்டில் இடம்பெறுவது ஒரே ஒரு நிகழ்ச்சியில்தான் (மத் 17:24-27). கோவில் வரி கேட்கப்படுகிறது. பேதுருவைத் தூண்டில் போடச் சொல்கிறார் ஆண்டவர். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும் என்கிறார். அந்நாணயத்தின் மதிப்பு இருவருக்குரிய வரி. இயேசுவுக்கும் பேதுருவுக்கும் சரியாகப் போதுமானது. இருவர், ஒரு மீன், ஒரு நாணயம். மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

பிடித்த மீனை விட்டவர்களிலும் தூயவர் உண்டு. அசிசி நகர் பிரான்சிஸ் ரியேத்தி ஏரியில் படகில் இருந்தபோது மீனவர் ஒருவர் அவருக்கு ஒரு பெரிய மீனை அன்பளிப்பாகத் தந்தார். அவர் அதைச் சகோதரன் என்று அழைத்து நீரில் விட்டார். அவர் இறைவேண்டல் முடிக்கும்வரை அது படகருகே விளையாடிக்கொண்டிருந்தது என்று அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிக்கிறார். ஆனால் பிரான்சிஸ் மீனை விடுவதற்காகப் பிடித்தவர் அல்லர், பிடிபட்டதை விடுவித்தவர். நம் கையிலிருந்தே ஆபத்தை உண்டாக்கி, நம் கையாலேயே அதை நீக்கி, அதற்கு இரக்கம் என்று பெயரிடுவது வேறு. பிறர் கையில் துன்புறுவதைக் காப்பது வேறு.

நம் முன்னோரும் இந்தக் கணக்கை ஊரளவில் அறிந்திருந்தார்கள். காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர் நிருவாகத்துக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்ததைச் சொல்கின்றன. அவற்றில் ஏரியைக் கவனிக்கவே ‘ஏரி வாரியம்’ என்று ஒரு குழு இருந்தது. ஏரி மீனிலிருந்து வந்த வருவாயைப் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்ற பெயர்களால் குறிக்கும் இடைக்காலக் கல்வெட்டுகள் உண்டு. அவ்வருவாய் பல இடங்களில் ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கப்பட்டது. ஏரியிலிருந்து எடுத்தது ஏரிக்கே திரும்பியது. ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் பெற்ற பழைய செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் நாம், வரத்துக்கால்வாய்களை அடைத்து, ஏரிப்பரப்பில் வீடு கட்டி, சாயக் கழிவையும் குப்பையையும் நீரில் சேர்த்து வருகிறோம். ஓர் ஏரி செத்தால் அதிலுள்ள மீன் அத்தனையும் சாகின்றன. அவற்றுக்குத் தூண்டிலும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே குற்றவாளியும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு கெண்டைக்காக விவாதிப்பவர் ஓர் ஏரிக்காகவும் விவாதிக்க வேண்டும். இல்லையேல் அந்த இரக்கம் கரையோடு நின்றுவிடும்.

இவையெல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, தேவைக்குள் நின்று எடுப்பதற்குப் பழகிய ஒருவர் ‘எத்தனை?’ என்று கேட்கக் கற்றவராக இருப்பதைக் காண்கிறோம். விளையாட்டுக்கும் பகட்டுக்கும் எடுப்பவர் அக்கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் மகிழ்ச்சி குன்றிவிடும். தூண்டிற்போட்டிக்காரரும் எண்ணுகிறாரே என்று கேட்கலாம். அவர் எண்ணுவது தம் வெற்றியை. நாம் சொல்லும் எண்ணிக்கை, எடுக்கப்பட்ட உயிர் எவ்வளவு, அது யாருடைய பசிக்கு, எவருடைய மானத்தை மறைக்க என்று கணக்குக் கொடுக்கும் எண்ணிக்கை.

ஆண்டவர் சிட்டுக்குருவிகளைப் பற்றிச் சொன்னதை இரு நற்செய்தியாளர்கள் இரு விதமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் (10:29). லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் (12:6). நம் சந்தையில் காய்கறி வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். இரண்டு காசுக்கு நான்கு என்பதே கணக்கு. ஐந்தாவது குருவி கொசுறு. விலையில் சேராதது, வாங்குபவரும் விற்பவரும் மதிக்காதது, கொத்துமல்லித் தழையைப் போலக் கூடையில் எறியப்படுவது. ஆனால் அவற்றுள் ஒன்றைக்கூட இறைவன் மறப்பதில்லை என்று லூக்கா எழுதுகிறார். அந்த ஐந்தாவது குருவியையும் சேர்த்தே ஆண்டவர் அதைச் சொன்னார்.

மனிதர் அக்குருவிகளைவிட மேலானவர்கள் என்றும் அதே இடத்தில் அவர் சொல்கிறார். ஆகவே மனிதரையும் மீனையும் ஒன்றாக்கும் பேச்சு நம்முடையதன்று. ஆனால் மேலானவர் என்பதன் அடையாளம் என்ன? கொசுறாகக் கருதப்பட்ட உயிரையும் மறவாதிருக்கும் இறைவனின் நினைவில் பங்குபெறுவதே அது. மறப்பது விலங்குக்கும் இயலும். வாளைமீன் சிறு கெண்டையை விழுங்கிவிட்டு எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க மனிதருக்கு மட்டுமே மனச்சான்று தரப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து நம் இல்லங்களில் செய்யக்கூடியவை சிலவே; ஆனால் செய்யக்கூடியவை. மீனோ இறைச்சியோ வாங்கும்போது வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி வாங்குவது. உண்ணாமல் எறியப்படும் துண்டு, வீணாய்ப் போன ஓர் உயிர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது. பட்டை ஆண்டுதோறும் குவிக்காமல், ஒரு சேலையைத் தாயிடமிருந்து மகளுக்கு வரும்படி போற்றுவது. அதை நெய்தவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்று விசாரிப்பது. பொழுதுபோக்குக்கு ஏரிக்கரை போனால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போவது. உணவுக்கு முன் சொல்லும் செபத்தை அவசரத்தில் முணுமுணுக்காமல், தட்டில் இருப்பது ஒரு காலத்தில் நீந்தியது என்று ஒரு கணம் நினைத்துச் சொல்வது.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் சீடர்கள் திபேரியக் கடல் எனப்படும் ஏரியில் மீன்பிடிக்கச் செல்கிறார்கள். பாஸ்காவை அடுத்த நாள்கள் அவை. சில நாள்களுக்கு முன்புதான், குளிர் தாங்காமல் தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு கரிநெருப்பில் குளிர்காய்ந்தார். இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியலில் கரையில் நின்ற ஒருவரின் சொற்படி வலை வீசுகிறார்கள், வலை நிறைகிறது. கரை சேர்ந்தபோதோ, கரிநெருப்பின்மேல் ஏற்கெனவே மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. அவர்கள் பிடித்தது இல்லாமலேயே விருந்து ஆயத்தமாயிருந்தது. எனினும் அவர்கள் பிடித்ததிலிருந்தும் சில மீன்களைக் கொண்டுவரச் சொல்கிறார். உணவு என்பது முதலில் கொடை, பிறகே நம் உழைப்பு என்ற ஒழுங்கை அவர் அந்தக் கரையில் கற்பித்தார்.

அந்தப் பெரும் மகிழ்ச்சிக்கு நடுவிலும், எவரோ ஒருவர் அமர்ந்து பெரிய மீன்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். 153 என்று நற்செய்தி எழுதி வைத்திருக்கிறது. அந்த எண்ணுக்குத் திருச்சபைத் தந்தையர் பல ஆழ்ந்த விளக்கங்கள் தந்துள்ளனர். அவ்விளக்கங்களோடு எளிய பொருள் ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: உயிர்த்த ஆண்டவர் அருகில் இருக்கும்போது, எடுக்கப்பட்டவற்றுள் எதுவும் கொசுறாக விடப்படுவதில்லை.